ஜீரோ விமானம் என்ன கலர்?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

இன்றைக்கு மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை விமானம் நிற்கிறது. சாரி, பொம்மைன்னு சொன்னா மாடல் செய்கிறவர்களுக்குக் கோபம் வரும். 1/48 அளவு ஸ்கேல் மாடல். மிட்சுபிஷி ஏ6எம்2. உலகத்துக்குத் தெரிந்த பெயர் ஜீரோ. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் கடற்படை விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறக்கவிட்ட சண்டை விமானம்.

ஒட்டி முடிச்சு, ப்ரைமர் அடிச்சு மூணு வாரம் ஆச்சு. இன்னும் பெயின்ட் அடிக்கல. பாதிக் காரணம் சோம்பேறித்தனம். மீதிப் பாதி, என்ன கலர் அடிக்கிறதுன்னு தெரியல.

காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது இதே விமானத்தை ஒரு தடவை செய்திருக்கிறேன். அப்போ யோசிக்கவே இல்லை. பெட்டியின் மேல் இருந்த படத்தில் வெளிர் சாம்பல், கிட்டத்தட்ட வெள்ளை. அதையே அடிச்சேன். ரொம்ப அழகா இருந்தது. சில வருஷம் கழித்து அதைப் பார்த்த ஒரு நண்பர், "இது தப்பு கலர்"ன்னு ஒரே வரியில் சொல்லிட்டுப் போயிட்டார். சரியான கலர் எதுன்னு தேட ஆரம்பிச்சவன்தான், இன்னும் தேடிட்டிருக்கேன். அந்தத் தேடல்தான் இன்றைய எபிசோட்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். 1940-ல் ஜப்பான் கடற்படை இந்த விமானத்தைச் சேவையில் எடுத்துக்கொண்டது. ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் அது 2600. கடைசி இலக்கம் பூஜ்யம். அதனால் பூஜ்ய வகை விமானம், அதாவது ஜீரோ. வடிவமைத்தவர் மிட்சுபிஷியின் ஜிரோ ஹொரிகோஷி. எல்லா வகைகளும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். மிட்சுபிஷி மட்டுமில்லை, நகாஜிமா என்ற இன்னொரு கம்பெனியும் செய்தது. இந்தக் கடைசித் தகவலை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பத்தாயிரம் விமானம் செய்திருக்கிறார்கள், அதன் கலர் என்னன்னு தெரியாதா? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது.

தெரிந்ததும் தெரியாததும்

சில விஷயங்கள் ரொம்பத் தெளிவாகத் தெரியும். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களுக்கும் தனித்தனி அடையாளம் இருந்தது. விமானத்தின் பின்னுடலைச் சுற்றி வண்ணப் பட்டை. அகாகி கப்பலுக்கு ஒரு சிவப்பு, காகாவுக்கு இரண்டு சிவப்பு. சோர்யுவுக்கு ஒரு நீலம், ஹிர்யுவுக்கு இரண்டு நீலம். ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, சுய்காகுவுக்கு இரண்டு வெள்ளை. எஞ்சின் மூடி நீலம் கலந்த கறுப்பு. இறக்கையிலும் உடலிலும் சிவப்பு வட்டம். இதிலெல்லாம் பெரிய சண்டை இல்லை.

சண்டை எல்லாம் அந்தப் பட்டைக்கும் வட்டத்துக்கும் பின்னாடி இருக்கும் உடல் நிறத்தைப் பற்றித்தான். விமானத்தின் பரப்பில் முக்கால்வாசிக்கு மேல் அந்த நிறம்தான். ஓரத்தில் இருக்கும் அலங்காரம் தெரியும், நடுவில் இருக்கும் பெரிய பரப்பு தெரியாது. வரலாற்றில் இது அடிக்கடி நடக்கும். சண்டை நடந்த தேதி தெரியும், அந்த ஊர்க்காரர்கள் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியாது. எல்லாருக்கும் கண்ணுக்கு முன்னாடி இருந்ததை யாரும் எழுதி வைக்கிறதில்லை.

ஆனால் ஜீரோவின் நிறத்தை ஒருத்தர் எழுதி வைத்திருக்கிறார். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

பாகு நிறம்

1942-ன் தொடக்கத்தில் ஜப்பான் கடற்படையின் விமானத் தொழில்நுட்பக் கூடம், ஜீரோவுக்கு என்ன மறைப்பு வண்ணம் அடிக்கலாம் என்று ஓர் ஆய்வு செய்தது. அந்த அறிக்கையில், இப்போது ஜீரோவில் இருக்கும் நிறம் என்ன என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு வருகிறது. அதன் சாரம்: ஜே3 என்ற சாம்பல், கொஞ்சம் 'அமே' நிறம் கலந்தது, பளபளப்பு உள்ளது.

ஜே3 என்பது கடற்படையின் நிற அட்டவணையில் இருக்கும் ஒரு எண். அது சாதாரண சாம்பல். அதுவரைக்கும் சரி. இந்த 'அமே' என்ன?

அமே என்றால் மாவுச்சத்திலிருந்து காய்ச்சும் ஒரு ஜப்பானிய இனிப்புப் பாகு. மிட்டாய்க்கும் அதுதான் பேர். நம்ம ஊர் வெல்லப்பாகை நினைச்சுக்கோங்க. காய்ச்ச ஆரம்பிக்கும்போது வெளிர் பொன். இன்னும் கொஞ்சம் போனால் தேன். கவனிக்காமல் விட்டால் கருப்பட்டி. "பாகு நிறம்"னு சொன்னா இதில் எது?

இதை ஆங்கிலத்தில் 'கேரமல்' என்று சிலர் மொழிபெயர்த்தார்கள். அதைப் படித்த மாடலர்களில் சிலர் ஜீரோவைப் பழுப்பாகவே அடித்தார்கள். இன்னும் சிலர் பழுப்பு கலந்த மஞ்சளாக அடித்தார்கள். மூல வாக்கியத்தில் இருந்த "கொஞ்சம்" என்ற சொல் வழியில் எங்கேயோ தொலைந்துபோனது.

நமக்கு இது புதுசு இல்லை. ஜவுளிக்கடையில் போய் "மயில் கழுத்து கலர்ல ஒரு புடவை காட்டுங்க"ன்னு கேளுங்க. நாலு புடவை எடுத்துப் போடுவாங்க. ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று இரண்டுக்கும் நடுவில், ஒன்று திருப்பினால் மாறும். நாலுமே மயில் கழுத்துதான். நாலுமே சரிதான். கடைக்காரருக்கும் அம்மாவுக்கும் அது போதும், ஏன்னா புடவை கண்ணுக்கு முன்னாடி இருக்கு. புடவை தொலைந்து, பில்லில் "மயில் கழுத்து" என்ற சொல் மட்டும் எண்பது வருஷம் கழித்து ஒரு ஃபின்லாந்துக்காரர் கையில் கிடைத்தால்? அந்த நிலைமையில்தான் நாம் இருக்கிறோம்.

ஜப்பானிய மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'ஆவோ' என்ற சொல் நீலத்துக்கும் வரும், பச்சைக்கும் வரும். அங்கே டிராஃபிக் சிக்னலின் பச்சை விளக்கையும் ஆவோ என்றுதான் சொல்கிறார்கள். ஜீரோவின் உள்பக்கத்தில், துருப்பிடிக்காமல் இருக்க ஒரு கண்ணாடி மாதிரியான வார்னிஷ் பூசினார்கள். அதற்குப் பேர் 'ஆவோதாகே', பச்சை மூங்கில். அலுமினியத்தின் மேல் பூசியதால் அடியில் உலோகம் மின்னும். மிச்சமிருக்கும் துண்டுகளில் சிலது நீலமாகவும் சிலது பச்சையாகவும் தெரியும். சொல்லை மட்டும் நம்பினால், இதிலும் அதே சண்டை வந்திருக்கும். துண்டுகள் கையில் இருப்பதால் பிழைத்தோம். அதை மாடலில் கொண்டுவர வழியும் அதிலேயே இருக்கிறது: முதலில் வெள்ளி, அதன் மேல் கண்ணாடி நீலமோ கண்ணாடிப் பச்சையோ மெல்லிசா.

அப்போ உடல் நிறத்துக்கும் துண்டு தேடலாமே?

டிராயரில் கிடந்த துண்டுகள்

பேர்ல் ஹார்பரில் ஜப்பான் இழந்த 29 விமானங்களில் 9 ஜீரோக்கள். அதில் ஒன்று அகாகி கப்பலுடையது, வால் எண் ஏஐ-154. கமேஹமேஹா கோட்டைப் பகுதியில் மோதி விழுந்தது. விமானி தகாஷி ஹிரானோ இறந்துபோனார். இப்படி விழுந்த விமானங்களை அமெரிக்க உளவுத்துறை ஆராய்ந்தது. ஆனால் அவர்களுக்கு எஞ்சின், துப்பாக்கி, எரிபொருள் டேங்க்தான் முக்கியம். பெயின்ட் யாருக்கு வேணும்? அதே சமயம், அங்கே இருந்த சிப்பாய்கள் தகட்டை வெட்டி நினைவுப்பொருளாக எடுத்துக்கொண்டு போனார்கள். பல வருஷம் கழித்து ஆய்வாளர்களுக்கு உதவியது இந்த மாதிரித் துண்டுகள்தான்.

துண்டுகளைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். பெட்டிப் படத்தில் இருந்த வெள்ளைச் சாம்பல் அங்கே இல்லை. மங்கலான ஆலிவ் பச்சை கலந்த சாம்பல், சிலதில் பழுப்புச் சாயல். அடடா, அமே நிறம் கிடைத்துவிட்டது என்று தோன்றும்.

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி பார்க்கணும். பயப்படாதீங்க, சின்னதுதான்.

பெயின்ட் என்றால் இரண்டு பொருள். நிறம் தரும் தூள் ஒன்று. அந்தத் தூளைப் பிடித்து ஒட்டவைக்கும் பிசின் ஒன்று. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்தப் பிசினை மெதுவாகச் சிதைக்கும். பிடிப்பு போனதும் தூள் மேலே வந்து உதிர ஆரம்பிக்கும். உங்க தெருவில் வருஷக்கணக்கில் வெயிலில் நிற்கும் ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கும். அதை விரலால் தேய்ச்சுப் பாருங்க, விரலில் சாக்பீஸ் மாதிரி ஒட்டும். அந்தத் தூள் படலம் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், அடியில் இருக்கும் நிறம் வெளுத்துத் தெரியும். அதே இடத்தை பாலிஷ் போட்டுத் தேய்ச்சா அழுத்தமான பழைய கலர் திரும்ப வரும்.

ஜீரோவிலும் இது நடந்தது. அதனால் ஒரே விமானத்தைப் பார்த்த ஒருத்தர் "வெளிர் சாம்பல்"னு எழுதலாம், தேய்த்துப் பார்த்தவர் "ஆலிவ் சாம்பல்"னு எழுதலாம். இரண்டு பேரும் பொய் சொல்லல.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. பல பழைய பெயின்ட், வார்னிஷ்களின் பிசின் வெளிச்சம் படாமல் இருந்தால் மஞ்சளாகும். பழைய வீட்டில் அலமாரிக்குப் பின்னாடி மறைந்திருந்த வெள்ளைக் கதவுப் பகுதி எப்படி மஞ்சளடித்திருக்கும்? அப்படித்தான். எழுபது வருஷம் டிராயரில் கிடந்த ஒரு துண்டு, செய்த நாளில் இருந்ததைவிட அதிகப் பழுப்பாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஆக, வெயிலில் கிடந்த சாட்சி வெளுத்துப்போய் வருகிறது. இருட்டில் கிடந்த சாட்சி மஞ்சளாகி வருகிறது. இரண்டுமே அசல் பொருள்தான், இரண்டுமே மாறியிருக்கு. கையில் அசல் இருந்தால் பிரச்சினை முடிந்தது என்று நினைத்த எனக்கு இது பெரிய அடி. லாக் ஃபைல் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படும்போது, அந்த லாகையே யாரோ மெதுவாக எடிட் பண்ணிட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்?

முழுசாகக் கிடைத்த விமானம்

துண்டு சரி, முழு விமானமே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. 1942 ஜூன் 4. அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் டச்சு ஹார்பர் மீது தாக்குதல். ரியுஜோ கப்பலிலிருந்து வந்த தடயோஷி கோகா என்ற 19 வயது விமானியின் ஜீரோவில் குண்டு பட்டு எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. அகுடான் தீவில் புல்வெளி மாதிரி தெரிந்த இடத்தில் இறக்கினார். அது சதுப்பு நிலம். சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. கோகா அங்கேயே இறந்தார். விமானத்துக்குப் பெரிய சேதம் இல்லை.

ஜூலை 10 அன்று ஓர் அமெரிக்க ரோந்து விமானம் அதைப் பார்த்தது. மீட்டு, சான் டியேகோவுக்குக் கொண்டுபோய், பழுதுபார்த்து, செப்டம்பரில் பறக்கவே விட்டார்கள். ஜீரோவின் பலவீனங்களைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவுக்கு இது பெரிய வாய்ப்பு.

நமக்கு? பறக்கவிடுவதற்கு முன்னாடி அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று, அதற்கு அமெரிக்கக் கடற்படையின் வண்ணத்தைப் பூசி நட்சத்திரம் போட்டது. சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதே! நியாயமான காரணம். ஆனால் மாதக்கணக்கில் எல்லாரும் ஆராய்ந்த அந்த ஜீரோ நின்றது அமெரிக்க நிறத்தில். 1945 பிப்ரவரியில் தரையில் ஓடிக்கொண்டிருந்தபோது இன்னொரு விமானம் பின்னாடி வந்து மோதி, அதன் ப்ரொப்பெல்லர் இதைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது சில கருவிகளும் சின்னத் துண்டுகளும்தான்.

போட்டோ பொய் சொல்லுமா?

"இவ்வளவு எதுக்கு, போட்டோ இருக்குமே"ன்னு கேக்கறீங்க. இருக்கு, பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அதிலும் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் ஆர்த்தோக்ரொமாட்டிக் என்று ஒரு வகை ஃபிலிம் உண்டு. அதற்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அதில் எடுத்தால் ஜீரோவின் சிவப்பு வட்டம் கறுப்பாக விழும். பான்க்ரொமாட்டிக் ஃபிலிமில் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தால் அதே வட்டம் வெளிறித் தெரியும். எந்த ஃபிலிம், என்ன ஃபில்டர் என்று போட்டோவின் பின்னால் யாரும் எழுதவில்லை. சாம்பல் அளவை வைத்து நிறத்தைக் கணக்குப் போடுவது, விடையை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டல் கணக்கைக் கண்டுபிடிக்கிற மாதிரி. பத்து என்பது ஆறும் நாலுமா, ஏழும் மூணுமா?

இப்போ ஏஐ வைத்துப் பழைய படங்களுக்குக் கலர் கொடுக்கிறார்கள். நானும் கோட் எழுதுகிறவன்தான், அந்த வேலையை மதிக்கிறேன். ஆனால் அந்த மாடல் கற்றுக்கொண்டது ஏற்கனவே இருக்கும் கலர் படங்களிலிருந்து. ஜீரோ சாம்பலாக வந்தால், அது சாட்சி இல்லை. நம்ம எல்லாருடைய பழைய ஊகம் திரும்ப நம்மிடமே வருகிறது.

எண் போட்டால் உண்மையாகிடுமா?

மாடல் உலகில் எல்லாரும் எண்ணில்தான் பேசுவார்கள். அமெரிக்க அரசின் ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 என்ற நிற அட்டவணை 2017 வரை நடைமுறையில் இருந்தது. ஐந்து இலக்க எண். முதல் இலக்கம் பளபளப்பு: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் நடுத்தரம், 3 என்றால் மங்கல். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம்: 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். இன்ஜினியர் மனசுக்கு இதைப் பார்த்தாலே நிம்மதியா இருக்கும்.

ஆனா அந்த அட்டவணை வெளியானது 1956-ல். அகாகி கப்பல் மூழ்கியது 1942-ல். ஜீரோவுக்கு எந்த ஃபெடரல் எண்ணும் கிடையாது. பின்னாடி வந்த யாரோ, பழைய துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, "இதுக்குக் கிட்டத்தில் இருப்பது இந்த எண்"னு சொன்னதுதான். கிட்டத்தில் என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிடும், எண் மட்டும் நிற்கும். "கொஞ்சம் அமே" கதையேதான் இங்கேயும்.

பெயின்ட் பாட்டிலும் அப்படித்தான். டமியா கம்பெனியில் எக்ஸ்எஃப்-12 என்று ஜப்பான் கடற்படைச் சாம்பல் இருக்கிறது. எக்ஸ்எஃப்-76 என்று ஜப்பான் கடற்படைச் சாம்பல்பச்சையும் இருக்கிறது. இரண்டையும் திறந்து பார்த்தால் வேற வேற கலர். மிஸ்டர் கலர் வரிசையில் மிட்சுபிஷிக்குத் தனியாக ஒரு சாம்பல், நகாஜிமாவுக்குத் தனியாக ஒரு சாம்பல்பச்சை. பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் பெயர், அந்தப் பாட்டிலைத் தயாரித்தவர்களின் முடிவு. நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால் அது முடிவு, சாட்சி இல்லை.

சரி, நான் என்ன பண்ணப்போறேன்?

இவ்வளவு கேட்ட பிறகு "அப்போ எந்தக் கலரும் அடிக்கலாம்"னு தோணும். எனக்கும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அது சரியில்லை. சுத்த வெள்ளை சரியில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். காபி கலர் பழுப்பு சரியில்லை என்றும் சொல்லலாம். நடுவில் ஒரு சின்ன வட்டம் மிஞ்சுகிறது: சாம்பல், அதில் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் மஞ்சள். தேட ஆரம்பிக்கும்போது இருந்ததைவிட வட்டம் ரொம்பச் சின்னது. அதற்குள் எந்தப் புள்ளி என்பதைத்தான் நான் முடிவு பண்ணணும்.

அதற்கு என் முறை இது.

முதலில், "ஒரு ஜீரோ" என்று யோசிப்பதை நிறுத்தினேன். எந்த விமானம், எந்தக் கப்பல், எந்த நாள்? தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய நிறம் வேறு, நாலு மாசம் கடலில் இருந்த பிறகு வேறு. 1943-லிருந்து மேல்பக்கம் கரும்பச்சையே வந்துவிடுகிறது.

இரண்டாவது, யார் செய்தது? நகாஜிமா ஜீரோ தயாரிக்க ஆரம்பித்ததே 1941 நவம்பரில். அதனால் பேர்ல் ஹார்பருக்குப் போனவை மிட்சுபிஷி செய்தவை. பின்னால் வந்த படங்களில் ஒரு நல்ல அடையாளம் உண்டு: பின்னுடலில் இருக்கும் சிவப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இருந்தால், ஏ6எம்2-வைப் பொறுத்தவரை அது நகாஜிமா.

மூன்றாவது, எந்தப் பரப்பு? ஜீரோவின் உடல் உலோகம், ஆனால் சுக்கான் மாதிரி அசையும் பகுதிகளின் மேல் துணி. துணியில் பூசியதும் உலோகத்தில் பூசியதும் ஒரே மாதிரி வயசாகாது. அதனால் அந்தப் பகுதிகளில் ஒரு துளி வித்தியாசம் காட்டப்போகிறேன்.

நான்காவது, வெளிச்சம். ட்யூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயின்ட், பகலில் பிரிந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க லேப் தேவையில்லை. நம்ம வீட்டுப் பெண்கள் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்துதான் பில் போடச் சொல்வார்கள். நானும் பிளாஸ்டிக் ஸ்பூன்களில் ஐந்து கலவை அடித்து, மொட்டை மாடியில் காலை பத்து மணிக்குப் பார்த்தேன். ரூமில் பிடித்திருந்த கலவை அங்கே தோற்றுப்போச்சு.

ஐந்தாவது, அளவு. 1/48 மாடலை ஓரடி தூரத்தில், அதாவது 30 சென்டிமீட்டரில் பார்ப்பது, நிஜ விமானத்தை 14.4 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். தூரத்தில் இருக்கும் பொருள் கொஞ்சம் வெளிறித் தெரியும். அதனால் அசல் நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலக்கணும் என்பது ஒரு கட்சி. பதினாலு மீட்டரில் அப்படி என்ன வெளிறிடும் என்பது இன்னொரு கட்சி. நான் ஒரு சொட்டு மட்டும் கலக்கிறேன். இரண்டு பக்கமும் கெட்ட பேர் வாங்கத் தயார்.

எந்த நாள்?

மீதமிருப்பது முதல் கேள்விதான். எந்த விமானம், எந்த நாள்?

எல்லாரும் பேர்ல் ஹார்பரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நான் 1942 ஏப்ரல் 5-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை 36 ஜீரோக்கள் பாதுகாப்புக்கு வர, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு என்று ஐந்து கப்பல்களிலிருந்து வந்தவை. அதே நாள் கடலில் கார்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தார்கள், 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9-ல் திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது, 307 பேர் இறந்தார்கள். அதே வாரம் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. மெட்ராஸில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி பண்ணினார்கள். உங்க வீட்டுப் பெரியவர்கள் யாராவது "ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு ஊருக்குப் போனோம்"னு சொல்லியிருந்தால், அது இந்த வாரம்தான்.

அகாகி டிசம்பரில் பேர்ல் ஹார்பர், ஜனவரியில் ரபால், பிப்ரவரியில் டார்வின், ஏப்ரலில் கொழும்பு என்று வந்திருக்கிறது. வெப்பமண்டல வெயில், உப்புக்காற்று. அதன் ஜீரோக்களில் பெயின்ட் கொஞ்சமாவது மங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. அதனால் ஆலிவ் சாம்பலை அடியில் அடித்து, மேல்பக்கத்தில் மட்டும் மெல்லிசா வெளுக்கவைக்கப் போகிறேன். இறக்கைக்கு அடியில், வெயில் நேராகப் படாத இடத்தில், அழுத்தமான நிறம் அப்படியே இருக்கும்.

இதைச் சரிபார்க்க வழி கிடையாது. கொழும்பு தாக்குதல் முடிந்து இரண்டே மாதத்தில், ஜூன் தொடக்கத்தில், மிட்வேயில் அகாகியும் சோர்யுவும் ஹிர்யுவும் மூழ்கின. அவற்றின் ஜீரோக்களும் போயின. கோகாவின் விமானம் அலாஸ்காவில் கவிழ்ந்ததும் அதே நாட்களில்தான்.

இங்கே ஒன்று சொல்லணும். இந்த நிறத்தைத் தேடிய மாசங்களில், நான் கொஞ்ச நாள் மறந்தே போயிருந்தேன், இது ஆட்களைக் கொல்லச் செய்த இயந்திரம் என்று. அழகான இறக்கை, அழகான கலர், அதில் மூழ்கிட்டேன். ஏஐ-154-ன் பெயின்ட் துண்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், அந்தத் துண்டு எதில் மோதி உடைந்து வந்தது என்று உறைத்தது. நிறத்தைச் சரியாகத் தேடுவதற்கு எனக்கு இப்போ இருக்கும் காரணம் அதுதான். அன்று காலை கொழும்பில் தலையைத் தூக்கிப் பார்த்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நிறத்தைப் பார்த்தார்கள். அது பெட்டிப் படத்தில் இருந்த சுத்தமான வெள்ளைச் சாம்பல் இல்லை. அவர்கள் பார்த்ததற்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு போகணும். போக முடியாத மிச்சத்தை மறைக்கக் கூடாது.

அதனால் மாடலை நிறுத்தும் பலகையின் அடியில் ஒரு சின்ன அட்டை ஒட்டப்போகிறேன். மூணு வரி. ஆதாரம் உள்ளது: சிவப்புப் பட்டை, சிவப்பு வட்டம், எஞ்சின் மூடி. துண்டுகளிலிருந்து ஊகித்தது: உடல் நிறம். என் சொந்த முடிவு: மேல்பக்கம் எவ்வளவு மங்கியிருக்கும் என்பது. கோட் எழுதும்போது கமெண்ட் போடுவோமே, அந்த மாதிரி. பின்னாடி யாராவது நல்ல ஆதாரத்தோடு வந்தால், எந்த வரியை மாத்தணும்னு அவங்களுக்குத் தெரியும்.

ஹாஸ்டல் காலத்து வெள்ளை ஜீரோவும் ஷெல்ஃபில் அப்படியே இருக்கு. அதைத் தூக்கிப் போடல. புதுசு காய்ந்ததும் அதன் பக்கத்திலேயே நிறுத்தப்போறேன்.

உங்க வீட்டில் யாரிடமாவது 1942 ஏப்ரல் நினைவோ, கேட்ட கதையோ இருந்தால் எனக்கு எழுதுங்க. விமானம் என்ன கலரில் இருந்ததுன்னு அவங்க சொன்னாங்களா என்பதையும் மறக்காம கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.